புதுப்பிப்பு: சிக்னல் குறைந்த ஊரில் திக்‌ஷா பயிற்சியை முடித்துவிட்டேன்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால், அரசின் இணையவழிக் கல்வித் தளமான திக்‌ஷாவில் வகுப்பறைத் தொழில்நுட்பப் பயிற்சி வீடியோக்களைப் பார்க்க முடியவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூடலூர் டீச்சர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது: பிரவுசரை விட்டுவிட்டு, செயலியில் பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நெட் நன்றாகக் கிடைத்தது, அங்கேயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். அப்புறம் இரவுகளில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, நெட் இல்லாமலே பார்த்தேன். புது சிம் வாங்கத் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஆஃப்லைனில் பார்த்தது உடனே கணக்கில் ஏறவில்லை. முழுவதும் பார்த்தும் பாதிதான் முடிந்ததாகக் காட்டியதும் பயந்துவிட்டேன். நெட் வந்ததும் பயிற்சிப் பக்கத்து மெனுவில் முன்னேற்றத்தை ஒத்திசைக்கும் வசதியை அழுத்தினேன், சரியாகிவிட்டது. சான்றிதழுக்கு முன், சுயவிவரத்தில் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.