பழைய செங்கல் சுவருக்கான சாந்து: ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.
பழைய வீடுகளைச் செப்பனிடுவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய செங்கல் மென்மையானது. அதன் சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு இடுக்குகளில் சிமெண்டை அடைத்தால், சுவரில் ஏறிய ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வரும். உப்புப் பூத்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். ஆகவே சாந்து கல்லைவிட வலுக் குறைந்திருக்க வேண்டும். தான் கெட்டுக் கல்லைக் காக்க வேண்டும். இந்தச் சாந்துக்கு என்ன பெயர்? ‘பலிச்சாந்து’ என்று எழுதிப் பார்த்தேன், மாந்திரீக நூல் போலிருக்கிறது.
– க.

> பலிச்சாந்து
வேண்டவே வேண்டாம். ‘ஈகச்சாந்து’ என்க; ஈகம் என்றால் தன்னையே கொடுத்தல். சுண்ணாம்புச் சாந்துக்குச் ‘சுதை’ என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நெடுநல்வாடையில் இருந்தாலும் அது வடசொல்லே.
– மு.

மு. ஐயா, ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, அதாவது தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்கும் சொல், என்கிறது தொல்காப்பியம். செங்கல் சாந்திடம் கையேந்தி நிற்கிறதா? போகட்டும், சங்கப் பாடல்களில் ‘சாந்து’ பெரும்பாலும் மார்பில் பூசும் சந்தனம்தான். அரைத்துக் குழைத்த எதுவும் சாந்தாகி, பிறகு சுவருக்கு வந்திருக்கலாம்.
– த.

பெயர் இருக்கட்டும், கலவையைச் சரியாக எழுதுங்கள். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9 என்பது ஓரளவு உறுதியான கல்லுக்கு. மிக மென்மையான கல்லுக்குச் சிமெண்டே கூடாது. சுண்ணாம்பு 1, மணல் 3. பழைய சாந்தில் ஒரு துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அதன் நிறத்தையும் பருமனையும் பார்த்துப் புது மணலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளிஞ்சல் கலந்த மணல் என்றால் கிளிஞ்சலும் கரைந்து ஏமாற்றும். கொத்தனாரிடம் ‘ஈகம்’ என்றால் விழிப்பார். ‘வலுக்குறை கலவை’ என்றால் கரண்டியை எடுப்பார்.
– பொறியாளர் செ.

வலுக்குறை என்றால் வீட்டுக்காரர் மட்டமான வேலை என்று நினைத்துவிடுவார். ‘தேய்சாந்து’ எப்படி? தேய்ந்த, தேய்கின்ற, தேயும் சாந்து. வினைத்தொகை, ஒற்று மிகாது, ‘தேய்ச்சாந்து’ என்று அச்சிட்டுவிடாதீர்கள்.
– த.

எண்ணெய் தேய்ப்பதும் ‘தேய்’தானே? சுவரில் தேய்க்கும் சாந்து என்றல்லவா படிப்பார்கள்!
– மு.

நன்றி. நேரமில்லை. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘தேய்சாந்து’க்கே ஆதரவு மிகுதி. முதலில் வரும் இடத்தில் ‘கல்லுக்கு முன் தான் தேயும் சாந்து’ என்று விளக்கம் சேர்க்கிறேன். பொறியாளர் சொன்ன அமிலச் சோதனையும் உண்டு.
– க.

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கையேடு முழுவதும் ‘சிமெண்ட்’ என்றே இருக்கிறதே, ‘பைஞ்சுதை’ என்ற நல்ல சொல் இருக்க?
– மு.

ஐயா, அதற்குள் சுதை இருக்கிறது.
– செ.