பழைய லாரிக்கு 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போதுமா?

கேள்வி:
வணக்கம். என்னுடைய பழைய 24 வோல்ட் லாரியில் தொடக்கத்திலிருந்தே 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) இருக்கிறது. முகப்பு விளக்கு, வைப்பர், கேபின் விசிறி, பின்னர் நான் சேர்த்த 200 வாட் இன்வெர்ட்டர் ஆகியவை ஒன்றாக ஓடும்போது, ஐடிலில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் நிலை) பேட்டரி முனைகளில் 24.4 வோல்ட்தான் காட்டுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் 27.8-க்கு ஏறிவிடுகிறது. ரேடியோவுக்கான 12 வோல்ட்டை, தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றொரு பேட்டரிக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. 90 ஆம்பியருக்கு மாறிவிடலாமா?

மறுமொழி 1:
வேகம் கூட்டியதும் 27.8 வருவதால், ஆல்டர்னேட்டரும், அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அதன் மேல் பொறித்திருக்கும் 35 ஆம்பியர் என்பது, வழக்கமாக ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றும்போது கிடைக்கும் அளவாகும். என்ஜின் ஐடிலில் 600 சுற்று, புல்லி விகிதம் (என்ஜினைவிட ஆல்டர்னேட்டர் எத்தனை மடங்கு வேகமாகச் சுற்றும் என்பது) 2.5 என்று வைத்துக்கொண்டால், ஆல்டர்னேட்டர் சுற்றுவது 1,500 முறைதான். பழைய வகைகள் பல அந்த வேகத்தில் அப்போதுதான் மின்சாரம் தரவே தொடங்கும்.

உங்கள் சுமையைக் கூட்டிப் பாருங்கள். முகப்பு விளக்குகள் 140 வாட், வைப்பர் ஏறத்தாழ 100, விசிறியும் சிறு விளக்குகளும் 100, இழப்போடு சேர்த்து இன்வெர்ட்டர் 230. மொத்தம் 570 வாட், அதாவது 28 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர். ஓட்டத்தில் இது தாராளமாகப் போதும், நிற்கும்போதுதான் பற்றவில்லை. ஆகவே 90 என்ற எண்ணை நம்பி வாங்க வேண்டாம். 1,500 முதல் 2,000 சுற்றுகளில் எத்தனை ஆம்பியர் தரும் என்பதை அதன் வரைபடத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய ஆல்டர்னேட்டர்களில் சில, அந்த வேகத்தில் சிறியதைவிடக் குறைவாகவே தருகின்றன.

மறுமொழி 2:
டாஷ்போர்டில் பழைய ஆம்பியர் மீட்டர் இருந்தால் கவனம் தேவை. பல பழைய வண்டிகளில் சார்ஜ் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகத்தான் செல்கிறது. நான் வயரை மாற்றாமல் பெரிய ஆல்டர்னேட்டரைப் பொருத்தினேன். ஒரு மழை இரவில் கருகல் வாடை வந்து மீட்டரைக் கழற்றியபோது, திருகு கறுத்து, வயரின் உறை உருகி அதில் ஒட்டிக்கிடந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த கேபிளும் ஃப்யூசும் முதலில் வேண்டும். ஒற்றை வி-பெல்ட் 90 ஆம்பியர் சுமையைத் தாங்காமல் வழுக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சுமையோடு அளந்ததில், ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் முனைக்கும் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் இடையே 0.9 வோல்ட் இழப்பு இருந்தது. பச்சை பூத்திருந்த லக்கை (கேபிள் முனையிலுள்ள உலோக இணைப்பு) சுரண்டி இறுக்கியபின் 0.2 ஆகக் குறைந்துவிட்டது. ஆனாலும் ஐடிலில் 24.7-க்கு மேல் ஏறவில்லை.

மறுமொழி 1:
அப்படியானால் குறைந்த வேகத்திலேயே 25 ஆம்பியர் தரக்கூடிய ஆல்டர்னேட்டரைத் தேடுங்கள். அதுவரை வண்டி நிற்கும்போது இன்வெர்ட்டரை அணைத்து வையுங்கள். தண்ணீர் குறைவதற்குக் காரணம் அந்த ரேடியோ இணைப்புதான் என்று எண்ணுகிறேன். அது ஒரு பேட்டரியை மட்டும் குறைப்பதால், சார்ஜ் ஆகும்போது மொத்த 28 வோல்ட் சமமாகப் பிரியாமல் மற்ற பேட்டரிக்குக் கூடுதலாகப் போய், அதைக் கொதிக்க வைக்கிறது. ரேடியோவுக்கு 24-லிருந்து 12 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டரைப் போட்டு, இரண்டு பேட்டரிகளையும் கழற்றித் தனித்தனியாக முழுச் சார்ஜ் செய்தபின் மீண்டும் இணையுங்கள்.