முதல்நிலை மருத்துவம் செலவைக் குறைக்கிறதா? பார்பரா ஸ்டார்ஃபீல்டின் ஆய்வுகள் குறித்து

கேள்வி: பொருளியல் மாணவி

சுகாதாரப் பொருளாதாரத்தில் முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த பார்பரா ஸ்டார்ஃபீல்டு, 1990-களில் மேலை நாடுகளை ஒப்பிட்டு, முதல்நிலை மருத்துவம் (குடும்ப மருத்துவர் போன்று நோயாளி முதலில் அணுகுபவர் தரும் மருத்துவம்) வலுவாக உள்ள நாடுகளில் மக்களின் உடல்நலம் மேம்பட்டும் செலவு குறைந்தும் இருப்பதாக எழுதினார். ஆனால் கிரிங்கோஸ் குழுவினர் 31 ஐரோப்பிய நாடுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, அத்தகைய நாடுகளில் உடல்நலம் மேம்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டாலும், மொத்தச் செலவு கூடுதலாகவே இருப்பதாகச் சொல்கிறது. இவ்விரண்டில் எதை அடிப்படையாகக் கொள்வது? ஸ்டார்ஃபீல்டின் வாதம் காலாவதியாகிவிட்டதா?

பதில் 1: ஊரகக் குடும்ப மருத்துவர்

ஸ்டார்ஃபீல்டு எதை அளந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஊரில் எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை. நோயாளி முதலில் அணுகும் இடமாக இருத்தல், ஆண்டுக்கணக்கில் தொடரும் உறவு, பெரும்பாலான தேவைகளை அங்கேயே நிறைவேற்றும் முழுமை, பிறரிடம் பெறும் சிகிச்சையையும் ஒருங்கிணைத்தல் ஆகிய நான்கும் சேர்ந்ததே முதல்நிலை மருத்துவம் என்று வரையறுத்து, அவற்றை அளக்கும் வினாநிரலையும் தம் குழுவினருடன் உருவாக்கினார். புதிதாக ஓர் உடல்நலச் சிக்கல் வந்தால் முதலில் இந்த மருத்துவரிடம்தான் செல்வீர்களா, சிறப்பு மருத்துவரைப் பார்த்து வந்த பிறகு அங்கே நடந்ததைப் பற்றி இவர் உங்களிடம் பேசினாரா என்பன போன்ற கேள்விகள் அதில் உண்டு. இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வரும் இடத்தில், அதே ரத்தப் பரிசோதனையை மீண்டும் எடுப்பதும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத மாத்திரைகள் சீட்டில் சேர்வதும் எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதை அன்றாடம் பார்க்கிறேன். வீண்செலவு பிறக்கும் இடத்தையே அவர் அளந்தார் என்பதால், அவருடைய வாதம் காலாவதியானது என்று நான் கருதவில்லை.

பதில் 2: சுகாதாரக் கொள்கை ஆய்வாளர்

கிரிங்கோஸ் கட்டுரையை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். முதல்நிலை மருத்துவத்தின் கட்டமைப்பு வலுவாக உள்ள நாடுகளில் செலவு கூடுதல் என்று சொல்லும் அதே கட்டுரை, சேவைகள் முழுமையாக வழங்கப்படும் நாடுகளில் செலவின் வளர்ச்சி வேகம் குறைவு என்றும் பதிவுசெய்கிறது. ஓராண்டின் செலவு அளவும் அது ஆண்டுதோறும் உயரும் வேகமும் வெவ்வேறு என்பதைப் பொருளியல் பயிலும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டமைப்புக்கு நிதி ஒதுக்கினால் செலவு கூடத்தான் செய்யும். மறைந்திருந்த ரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கண்டுபிடித்தால் மருந்துச் செலவும் கூடும்.

என் பார்வையில், செலவு குறையும் என்பது ஸ்டார்ஃபீல்டின் வாதங்களில் மிக உறுதியானது அன்று. ஷி, மசின்கோ ஆகியோருடன் அவர் 2005-இல் வெளியிட்ட நீண்ட மீளாய்வின் உண்மையான வலிமை, உயிரிழப்பு குறைவதையும் ஏற்றத்தாழ்வு தணிவதையும் காட்டும் சான்றுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் முதல்நிலை மருத்துவர்கள் கூடுதலாக உள்ள பகுதிகளில் உயிரிழப்பு குறைவாக இருப்பதும், அந்தத் தொடர்பு வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களிடம் பன்மடங்கு வலுவாகத் தெரிவதும் அதில் எடுத்துக்காட்டப்படுகின்றன. அந்த நன்மைக்காகச் சிறிது கூடுதலாகச் செலவிட நேர்ந்தாலும் அது தகுந்த செலவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லாவற்றையும் சிக்கனத்தின் பெயரால் நியாயப்படுத்தினால், சிக்கனம் கிடைக்காத ஆண்டில் திட்டத்தையே கைவிட்டுவிடுவார்கள்.

பதில் 3: புள்ளியியலாளர்

ஓர் எச்சரிக்கை. இவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். காரணத்தை நிறுவுபவை அல்ல. வசதியான வட்டாரங்களுக்கு மருத்துவர்கள் விரும்பிச் செல்வதாலும் இதே முடிவு கிடைக்கலாம். வருமானம், கல்வி முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு நீடிக்கிறதா என்று ஒவ்வொரு கட்டுரையிலும் பாருங்கள். 2019-இல் பாசு குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஒரு லட்சம் பேருக்குப் பத்து முதல்நிலை மருத்துவர்கள் கூடினால் சராசரி ஆயுள் சுமார் 51 நாள் கூடுவதோடு தொடர்புபட்டிருந்தது. சிறப்பு மருத்துவர்கள் அதே அளவில் கூடும்போது அது சுமார் 19 நாளே.

மருத்துவர்-நோயாளி உறவின் தொடர்ச்சியை மட்டும் தனியே ஆராய விரும்பினால் நார்வேக்குச் செல்லுங்கள். அங்கே ஏறத்தாழ ஒவ்வொருவருக்கும் பதிவுபெற்ற குடும்ப மருத்துவர் உண்டு என்பதால் அந்த உறவின் நீளத்தை ஆவணங்களிலிருந்தே கணக்கிட முடிகிறது. 2022-இல் வெளிவந்த ஆய்வு, ஒரே மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தவர்களிடம், முதலாண்டில் இருப்பவர்களைவிட, உயிரிழப்புக்கும் அவசர மருத்துவமனை அனுமதிக்கும் உள்ள வாய்ப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைவு என்று கண்டது. ஆய்வேட்டிற்கு நாடுகளை ஒப்பிடும் அட்டவணையைவிட இத்தகைய தனிநபர் தரவே உறுதியான அடித்தளமாக அமையும்.