தொட்டால் கர்சர் மின்னுகிறது, விசைப்பலகை மட்டும் எழுவதில்லை

பிழைதிருத்தி:
அனைவருக்கும் வணக்கம். என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மூன்று நாட்களாகத் திரை விசைப்பலகை வேலை செய்யவில்லை. எழுதும் பெட்டியைத் தொட்டால் கர்சர் மின்னுகிறது. விசைப்பலகை கண்ணிமைக்கும் நேரம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது, சில வேளைகளில் தலைகாட்டுவதும் இல்லை. பூட்டுத்திரையில் ரகசிய எண்ணை அழுத்த முடிகிறது, வங்கிச் செயலியிலும் எண்களை உள்ளிட முடிகிறது. ஆனால் வாட்ஸப், குறிப்பேடு, உலாவி ஆகிய எதிலும் ஓர் எழுத்தைக்கூட இட முடியவில்லை.

நான் பயன்படுத்துவது கைப்பேசியோடு வந்த விசைப்பலகை அன்று. தமிழ்99 அமைப்பில் எழுதுவதற்காகப் பிளே ஸ்டோரிலிருந்து நிறுவிக்கொண்ட ஒரு செயலி. இரண்டும் மாறி மாறி வந்து குழப்பியதால் கைப்பேசியோடு வந்ததை அமைப்புகளில் அணைத்துவைத்திருக்கிறேன். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். நான்கு ஆண்டுகளாக நான் எழுதிய கலைச்சொற்களையும் பெயர்ச்சொற்களையும் இந்தச் செயலி கற்றுவைத்திருக்கிறது. இரண்டு எழுத்து இட்டால் மீதியை அதுவே எடுத்துக் கொடுக்கும்.

மூன்று முறை அணைத்து இயக்கியும் பயனில்லை. செயலியின் தரவை முழுவதும் அழிக்கும்படி ஒருவர் சொன்னார். கைப்பேசியையே ஃபேக்டரி ரீசெட் செய்யும்படி, அதாவது எல்லாவற்றையும் அழித்து வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவரும்படி, இன்னொருவர் சொன்னார். இவற்றில் எதைச் செய்தாலும் அந்தச் சொற்கள் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். அவற்றை இழக்காமல் சரிசெய்ய வழி உண்டா? இதைக் கணினியில் எழுதுகிறேன்.

ஆலமரம்:
முதலில் ஒரு வேண்டுகோள்: தரவை அழிக்காதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள். உங்கள் அச்சம் சரியானதே; இரண்டில் எதைச் செய்தாலும் செயலி கற்ற சொற்கள் கைப்பேசியிலிருந்து போய்விடும். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும் அதே கதிதான்.

நீங்கள் எழுதியிருக்கும் குறிப்புகளிலேயே பாதி விடை இருக்கிறது. கர்சர் மின்னுகிறது என்றால் நீங்கள் தொட்டதைத் திரை உணர்ந்துவிட்டது, எழுதும் செயலியும் விசைப்பலகையைக் கூப்பிட்டுவிட்டது என்று பொருள். பூட்டுத்திரையில் வரும் எண் கட்டங்கள் விசைப்பலகையைச் சேர்ந்தவை அல்ல. பூட்டுத்திரையே அவற்றை வரைந்துகொள்கிறது. வங்கிச் செயலிகள் பலவும் பாதுகாப்புக்காகத் தமக்கென எண் கட்டங்களை வைத்திருக்கின்றன. ஆகவே அவை இரண்டும் வேலை செய்வதை வைத்து விசைப்பலகை நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. திரை நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டில் விசைப்பலகை என்பது மற்றவற்றைப் போலத் தனியான ஒரு செயலி. 2009இல் வந்த 1.5 பதிப்பிலிருந்தே பிறர் உருவாக்கிய விசைப்பலகைகளை நிறுவிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. எழுதும் இடத்தைத் தொட்டவுடன் இயங்குதளம் அந்தச் செயலியைத் தட்டி எழுப்புகிறது. அது எழுந்து உடனே விழுந்தால் உங்களுக்கு நேர்வதைப் போலத்தான், பலகை தோன்றி மறையும். எனவே உங்கள் விசைப்பலகைச் செயலிதான் நிலைகுலைந்து மூடிக்கொள்கிறது என்று கருதுகிறேன். அதை உறுதிசெய்துகொள்ளப் போனோடு வந்த விசைப்பலகையை மீண்டும் இயக்கிப் பாருங்கள். அமைப்புகளில் தேடல் பெட்டியைப் பயன்படுத்த முடியாது, அதற்கும் விசைப்பலகை வேண்டுமே. ஆகவே பட்டியலில் இறங்கிச் சென்று மொழியும் உள்ளீடும் பற்றிய பகுதிக்குள் திரை விசைப்பலகை என்பதைத் தேடுங்கள். பெரும்பாலான போன்களில் அது 'சிஸ்டம்' அல்லது 'பொது நிர்வாகம்' என்ற தலைப்பின்கீழ் இருக்கும். அங்கே அணைத்துவைத்ததை இயக்கி, அதையே இயல்பான விசைப்பலகையாகத் தேர்ந்தெடுங்கள்.

அது ஒழுங்காக வந்தால் குற்றம் உங்கள் செயலியில் இருக்கிறது. அதுவும் வராவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். எதுவானாலும் இங்கே எழுதுங்கள். போனில் எவ்வளவு சேமிப்பிடம் மீதியிருக்கிறது, அண்மையில் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மின்மினி:
ஆலமரம் ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சில மாதங்களுக்கு முன் என் கைப்பேசியிலும் விசைப்பலகை வராமல் போயிற்று. எந்த விசைப்பலகைக்கு மாற்றினாலும் அதே நிலைதான். ஒரு வாரம் அலைந்த பிறகே காரணம் விளங்கியது: புளூடூத் வழியாக இணைத்த ஒரு சிறிய ரிமோட், தன்னை ஒரு விசைப்பலகையாக அறிவித்துக்கொண்டிருந்தது. உண்மையான விசைப்பலகை ஒன்று இணைந்திருக்கிறது என்று போன் நம்பிவிட்டால், திரையில் வரும் பலகையை அது ஒளித்துவிடுகிறது. பட்டைக்குறி படிக்கும் கருவிகள் சிலவும் இவ்வாறே தம்மை விசைப்பலகை என்று சொல்லிக்கொள்ளும். புளூடூத்தை அணைத்தவுடன் என் சிக்கல் தீர்ந்தது. இணைப்பைத் துண்டிக்க விரும்பாதவர்களுக்கு, வெளி விசைப்பலகை இணைந்திருக்கும்போதும் திரை விசைப்பலகையைக் காட்டும்படி கேட்கும் ஓர் அமைப்பு, வெளி விசைப்பலகைக்குரிய பகுதியில் உண்டு.

உங்களுடையது தோன்றி மறைவதால் இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் புளூடூத்தை அணைத்துப் பார்ப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

பிழைதிருத்தி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆலமரம் ஐயா சொன்னபடி போனோடு வந்த விசைப்பலகையை இயக்கினேன்; முதல் தொடுதலிலேயே வந்து நின்றுவிட்டது. அதில் ஆங்கிலம் மட்டுமே இருப்பதால் தமிழில் எழுத முடியவில்லை என்றாலும், மூன்று நாட்களுக்குப் பிறகு போனில் ஓர் எழுத்தாவது இட முடிந்ததே பெரிய ஆறுதல். என் செயலிக்கு மாற்றினால் மறுபடியும் அதே தோற்றமும் மறைவும்தான். இரண்டு முறை 'செயலி தொடர்ந்து நின்றுவிடுகிறது' என்ற அறிவிப்பும் வந்தது. புளூடூத்தில் எதுவும் இணைக்கப்படவில்லை.

சேமிப்பிடம் ஏறத்தாழ நிறைந்துவிட்டது. 128 ஜிபியில் 400 எம்பிதான் மிஞ்சியிருக்கிறது. சென்ற வாரம் இயங்குதளத்தின் புதிய பதிப்பு நிறுவப்பட்டது. செயலியின் தகவல் பக்கத்தில் 'தற்காலிகச் சேமிப்பை அழி' என்றும் 'தரவை அழி' என்றும் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றா, வேறு வேறா?

ஆலமரம்:
இரண்டும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இங்கேதான் பலரும் நெடுநாள் உழைப்பை ஒரே தட்டலில் இழக்கிறார்கள். தற்காலிகச் சேமிப்பு என்பது செயலி விரைவாக இயங்குவதற்காகச் சேர்த்துவைத்துக்கொள்ளும் கோப்புகள். அழித்தால் தேவைப்படும்போது மறுபடி உருவாக்கிக்கொள்ளும். உங்கள் சொற்களும் விருப்பத் தேர்வுகளும் இருப்பது தரவில். ஆகவே முதல் பொத்தானைத் தயங்காமல் அழுத்தலாம். இரண்டாவதை, மற்ற எல்லா வழிகளும் அடைபட்ட பிறகும் ஒருமுறை யோசித்துவிட்டுத் தொட வேண்டும்.

நீங்கள் சொன்ன இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஊகம் எழுகிறது. இயங்குதளம் புதியதாகிவிட்டது, ஆனால் இடம் போதாததால் பிளே ஸ்டோர் உங்கள் விசைப்பலகைச் செயலியைப் புதுப்பிக்க முடியாமல் நின்றிருக்கலாம். பழைய செயலி, புதிய தளத்தின் நடைமுறைகளுக்கு ஒத்துப்போகாமல் விழுகிறது போலும். இடம் நெருக்கடியாக இருக்கும்போது கோப்பை எழுத முடியாமல் செயலி மூடிக்கொள்வதும் உண்டு. எதுவாயினும் முதல் வேலை ஒன்றே: சில ஜிபி அளவுக்கு இடத்தை விடுவியுங்கள். பெரும்பாலும் வாட்ஸப் காணொளிகளே இடத்தை அடைத்திருக்கும். வேண்டியவற்றைக் கணினிக்கு மாற்றிவிட்டு அழியுங்கள்.

அதன் பின் செயலியின் தகவல் பக்கத்தில் ஃபோர்ஸ் ஸ்டாப் (செயலியை உடனே நிறுத்தும் பொத்தான்) கொடுத்து, தற்காலிகச் சேமிப்பை அழித்து, பிளே ஸ்டோரில் அந்தச் செயலிக்குப் புதுப்பிப்பு காத்திருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிக்கும்போது தரவு அப்படியே இருக்கும். நீக்கி நிறுவுவதும் புதுப்பிப்பதும் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விழுந்தால் சேஃப் மோடில் தொடங்கிப் பார்க்கும்படி பலர் சொல்வார்கள். உங்கள் நிலையில் அதனால் பயனில்லை. சேஃப் மோடில் பிளே ஸ்டோரிலிருந்து நிறுவிய செயலிகள் இயங்கா. உங்கள் விசைப்பலகையும் அவற்றுள் ஒன்று. போனோடு வந்த விசைப்பலகையும் முடங்கியிருந்தால் மட்டுமே, வேறு ஏதேனும் செயலி குறுக்கிடுகிறதா என்று அறிய அது உதவும்.

நீலவானம்:
உங்கள் சிக்கலுக்குத் தீர்வு நெருங்கிவிட்டது போல் தோன்றுகிறது. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: வேறு எந்த விசைப்பலகையை நிறுவினாலும், போனோடு வந்ததை அணைத்துவைக்காதீர்கள். நீங்கள் பூட்டுக்கு எண்ணை வைத்திருந்ததால் தப்பினீர்கள். எழுத்துகள் கலந்த கடவுச்சொல்லை வைத்திருந்தால் பூட்டுத்திரையிலேயே விசைப்பலகை தேவைப்படும். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், போனை அணைத்து இயக்கியபின் முதல் முறை பூட்டைத் திறக்கும்வரை, அந்நிலையில் இயங்குமாறு தனியாக வடிவமைக்கப்பட்ட செயலிகள் மட்டுமே இயங்கும். எல்லா விசைப்பலகைகளும் அவ்வாறு அமைந்தவை அல்ல. அந்த நேரத்தில் கைகொடுப்பது போனோடு வந்த விசைப்பலகைதான்.

அப்படி வெளியே மாட்டிக்கொண்டவர்கள், ஓடிஜி இணைப்பி (யுஎஸ்பி கருவிகளைப் போனில் செருக உதவும் சிறு இணைப்பி) வழியாகக் கணினியின் யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகிக் கடவுச்சொல்லை இட்டுப் பார்க்கலாம். போனில் அந்த வசதி இருக்க வேண்டும். பூட்டு திறந்திருந்து, விசைப்பலகை ஒன்றுமே இல்லாத நிலை என்றால், கணினி உலாவியில் அதே கணக்கோடு பிளே ஸ்டோரைத் திறந்து, ஒரு விசைப்பலகையைப் போனுக்கு அனுப்பி நிறுவலாம். நிறுவியபின் அமைப்புகளில் சென்று அதை நாமே இயக்க வேண்டும். அப்போது, எழுதும் அனைத்தையும், கடவுச்சொற்களைக்கூட, அந்தச் செயலி திரட்டக்கூடும் என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். அதைப் படிக்காமல் கடந்து செல்லாதீர்கள். அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் செயலியை நிறுவுவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்குச் சமம்.

ஐபோனில் இந்த ஏற்பாடு வேறு. 2014இல் வந்த ஐஓஎஸ் 8 முதல் அங்கும் பிற விசைப்பலகைகளை நிறுவலாம். ஆனால் கடவுச்சொல் இடும் பெட்டிகளில் ஐபோனின் சொந்த விசைப்பலகையே வரும். அதைக் கோளாறு என்று எண்ணிக் கவலைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டுமென்றே செய்யப்பட்ட பாதுகாப்பு.

மின்மினி:
இன்னொரு ஐயம். என் தாயாரின் போனில் விசைப்பலகை வருகிறது. ஆனால் ஒரு வரிசையில் சில எழுத்துகள் மட்டும் அழுத்தினால் விழுவதில்லை. இதுவும் செயலியின் குறைபாடாக இருக்குமா?

ஆலமரம்:
போனைக் கிடைமட்டமாகத் திருப்பி அதே எழுத்துகளை அழுத்திப் பாருங்கள். திருப்பும்போது விசைகள் கண்ணாடியின் வேறு இடங்களுக்குச் சென்றுவிடும். இப்போது அந்த எழுத்துகள் விழுந்து வேறு எழுத்துகள் மறுத்தால், கண்ணாடியின் அந்தப் பகுதி தொடுதலை உணரவில்லை என்பது உறுதி. அதற்கு எந்த அமைப்பும் மருந்தாகாது. முதலில் திரைமேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளை எடுத்துவிட்டு, ஈரமில்லாமல் துடைத்துப் பாருங்கள். சார்ஜ் ஏற்றும்போது மட்டும் அப்படி நேர்ந்தால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் மாறாவிட்டால் பழுது நீக்குபவரிடம் காட்டுவதே வழி. திருப்பிய பிறகும் அதே எழுத்துகளே மறுத்தால் செயலியைச் சந்தேகிக்கலாம்.

பிழைதிருத்தி:
ஆலமரம் ஐயாவின் ஊகமே சரியாக இருந்தது. பழைய காணொளிகளைக் கணினிக்கு மாற்றி 11 ஜிபி இடத்தை விடுவித்தேன். செயலியை நிறுத்தித் தற்காலிகச் சேமிப்பை அழித்தபோது மாற்றம் எதுவும் இல்லை; இடம் கிடைத்ததால் மட்டும் அது எழவில்லை. பிளே ஸ்டோரைத் திறந்தால், இடமின்மையால் நின்றுபோன 23 புதுப்பிப்புகள் வரிசையில் காத்திருந்தன. என் விசைப்பலகையும் அவற்றுள் ஒன்று. அதைப் புதுப்பித்தபின் குறிப்பேட்டைத் திறந்து தொட்டேன். பலகை எழுந்தது, மறையவில்லை. 'மெய்' என்று இட்டவுடன் 'மெய்ப்புத்திருத்தம்' என்று எடுத்துக் கொடுத்தது.

நீலவானம் அவர்கள் சொன்னபடி போனோடு வந்த விசைப்பலகையை இனி அணைக்கப் போவதில்லை. செயலியின் அமைப்புகளுக்குள் சொற்பட்டியலைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருப்பதை நேற்றுவரை நான் கவனித்ததே இல்லை. அதையும் செய்து கணினியில் ஒரு படி வைத்துக்கொண்டேன். இந்த மறுமொழியைப் போனிலிருந்தே எழுதுகிறேன். மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.