சங்கீதம் 115: "கர்த்தரை நம்பு" என்றவர் ஏன் "அவர்களுக்குத் துணை" என்கிறார்?

ஞாயிறுபாடம்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த வாரம் வாலிபர் கூட்டத்தில் வேதாகமத்தின் சங்கீதம் 115 எடுக்க வேண்டும். சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்ததுதான், ஆனால் இப்போது நிதானமாகப் படித்தால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். "இஸ்ரவேலே, கர்த்தரை நம்பு" என்று முகம் பார்த்துச் சொல்கிறவர், உடனே "உனக்குத் துணை" என்னாமல் "அவர்களுக்குத் துணை" என்கிறார், மூன்று தடவையும். அப்புறம், வாய், கண், காது, மூக்கு, கை, கால், தொண்டை என்று ஏழையும் எண்ணி விக்கிரகத்தைப் பற்றி ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டும்? வெறும் கேலியா? கேலியாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பழைய_ஏடு:
முதல் கேள்விக்குப் பலரும் சொல்லும் விளக்கம், இது ஒருவர் பாடும் பாட்டு அல்ல என்பது. ஒரு குரல் "நம்பு" என்று அழைக்கிறது, இன்னொரு கூட்டம் "அவரே அவர்களுக்குத் துணையும் கேடகமும்" என்று எதிர்ப்பாட்டு பாடுகிறது. ஜனங்கள், ஆரோன் குடும்பத்து ஆசாரியர்கள், கர்த்தருக்குப் பயந்தவர்கள் என்று மூன்று முறை.

இரண்டாவதுக்குக் கொஞ்சம் பாபிலோன் பக்கம் போக வேண்டும் சகோ. அசீரியாவிலும் பாபிலோனிலும் புதுச் சிலைக்கு "வாய் கழுவும்" சடங்கு உண்டு, அதை விவரிக்கும் களிமண் பலகைகள் நினிவேயிலும் பாபிலோனிலும் கிடைத்திருக்கின்றன. அது நடக்காவிட்டால் சிலையால் தூபத்தை முகரவோ உண்ணவோ குடிக்கவோ முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. சிலை செய்த தச்சரும் தட்டாரும் கைகளை நீட்ட, பூசாரிகள் மரக்கத்தியால் அவற்றை வெட்டுவதுபோல் பாவனை செய்வார்கள், அவர்களும் "இதை நான் செய்யவில்லை" என்று சத்தியம் பண்ணுவார்கள். இதைத் தெரிந்துகொண்டு 4ஆம் வசனத்தின் "மனுஷருடைய கைவேலை" என்ற வார்த்தையைப் படித்துப் பாருங்கள். அந்தக் கைகளை மறைக்க விடாமல் திரும்ப வெளியே கொண்டுவருகிறது. கி.மு. 586-ல் அதே பாபிலோனியர் கையால் எருசலேம் எரிந்து, ஆலயமும் போய், காட்டுவதற்கு ஒரு சிலைகூட இல்லாத ஜனத்தைப் பார்த்து "உங்கள் தேவன் எங்கே" என்று கேட்டால் எப்படி வலித்திருக்கும்! 2ஆம் வசனத்தில் இருப்பது அந்தக் கேள்விதான். அடிபட்டவர்கள் சொல்லும் பதிலைக் கேலி என்று எழுதிவிட எனக்கும் மனசு வராது.

ஒலிவமரம்:
8ஆம் வசனத்தை விட்டுவிடாதீர்கள், முழுப் பாரமும் அங்கேதான் இருக்கிறது. விக்கிரகங்களை நம்புகிறவர்கள் "அவைகளைப்போலவே" என்ற இடத்தில் எபிரெய வினையை "ஆவார்கள்" என்றும் "ஆகட்டும்" என்றும் படிக்கலாம். எதை நம்புகிறாயோ அதைப்போல் ஆகிறாய் என்கிறது. இது சிலையோடு நிற்கவும் இல்லை. 20ஆம் சங்கீதத்தில் இரதமும் குதிரையும், 146-ல் பிரபுக்கள், 62-ல் பெருகும் ஐசுவரியம், எல்லாமே மனிதர் சாய்ந்துகொள்கிற சுவர்கள்தான். 31:6-ல் "வீண்மாயைகள்" என்று வருவது எபிரெயத்தில் ஹெவெல், வாய் ஆவி என்ற பொருள், பிரசங்கியின் "மாயை மாயை"யும் அதே சொல். கையில் பிடித்தால் நிற்காது.

இன்னொன்று. 113 முதல் 118 வரை யூதர்கள் ஹல்லேல் (துதி) என்று பண்டிகைகளில் பாடுகிறார்கள். பஸ்கா இரவில் 113, 114 சாப்பாட்டுக்கு முன், 115 முதல் மீதி எல்லாம் பின்.

ஞாயிறுபாடம்:
ரொம்ப நன்றி, ஐயா, சகோ. நீங்கள் சொன்னதை வைத்துக்கொண்டு திரும்பப் படித்ததில் 17ஆம் வசனம் கண்ணில் பட்டது. விக்கிரகத்தின் தொண்டையில் சத்தமில்லை என்று 7-ல் சொன்னவர், 17-ல் மரித்தவர்கள் "மவுனத்தில் இறங்குகிறார்கள்" என்கிறார். நம்பினதைப்போல் ஆகிறவர்கள் போய்ச் சேரும் இடம் அந்த மவுனம் என்றுதான் எனக்குப் படுகிறது. உடனே 18-ல் "நாமோ" என்று பாட்டு தொடங்குகிறது. பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து 9 முதல் 11 வரை மாறி மாறிப் பாடவைக்கப் போகிறேன். 12-ஐ, "கர்த்தர் நம்மை நினைத்திருக்கிறார்" என்பதை, எல்லாரும் சேர்ந்தே சொல்லட்டும்.