ஞாயிறு ஏற்காட்டுக்கு யார் வண்டி?

கலா அத்தை: ஞாயிறு காலை 6 மணிக்கு எல்லோரும் கோரிமேட்டில் இருக்க வேண்டும். சேர்வராயன் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை, காதுகுத்து. யார் யார் எந்த வண்டி?

அருண்: அத்தை, நீங்களும் அப்பாயியும் என் வண்டியில். போன வாரம் ரீமேப் செய்துவிட்டேன், இன்ஜின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி சக்தியைக் கூட்டுவது. 118 எச்.பி. இப்போது 140!

சித்ரா: ஆரம்பித்துவிட்டான்

மணி மாமா: டர்போவை மாற்றினார்களா, ஈசியூவில், அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் கை வைத்தார்களா?

அருண்: ஈசியூ மட்டும்தான் மாமா. டர்போ காற்றை அமுக்கித் தள்ளும் அழுத்தத்தை, அதான் பூஸ்ட், ஏற்றி, பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். மலைமேல் காற்று குறைந்தாலும் டர்போவுக்குக் கவலை இல்லையே.

மணி மாமா: அது சரிதான். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். சாதா இன்ஜின் அந்த அளவுக்கு இழுவையை இழக்கும், டர்போ அதிகம் சுற்றிச் சரிக்கட்டும். ஆனால் பூஸ்ட் ஏறினால் சிலிண்டரில் சூடும் ஏறும். ஏற்றத்தில் அமுக்கும்போது டிக் டிக் என்று நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் சத்தம், கேட்டால் உடனே காலை எடுத்துவிடு.

செந்தில் சித்தப்பா: அப்பா அம்பாசிடரை வளைவுக்கு வளைவு நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவாரே!

கலா அத்தை: அந்த வண்டியை யாரையும் கேட்காமல் விற்றது யார் செந்தில்?

செந்தில் சித்தப்பா: அக்கா, மறுபடியுமா

சித்ரா: தட்டுவடை செட் உண்டா இல்லையா?

கலா அத்தை: காலை 6 மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? தட்டுவடையைச் சனிக்கிழமையே வாங்கிவிடு. கேரட், பீட்ரூட் நான் துருவி எடுத்து வருகிறேன்.

அருண்: 20 கொண்டை ஊசியும் எனக்கு மனப்பாடம். கடைசி நேரத்தில் பிரேக், வெளியிலிருந்து உள்ளே வந்து வளைவின் உள்முனையை, அபெக்ஸைத் தொட்டு, மறுபடி வெளியே. வேகமே குறையாது.

மணி மாமா: அருண், இதைப் பொறுமையாகப் படி. அந்த லைன் ரேஸ் டிராக்கில் சரி. அங்கே முழு ரோடும் உன்னுடையது, எதிரே யாரும் வரமாட்டார்கள். இங்கே உனக்குப் பாதி ரோடுதான். ஏறும் வண்டிக்குத்தான் முதலில் வழி. அடுத்து, டயருக்குப் பிடிமானம் ஓர் அளவுதான். பிரேக்குக்கும் திருப்புவதற்கும் அதையே பங்கு போட வேண்டும். ரேஸ்காரர்கள்கூடத் திருப்பத் திருப்ப பிரேக்கைத் தளர்த்துவார்கள். இறங்கும்போது சூடுதான் எதிரி. போன மாதம் நம் ஷெட்டுக்கு ஒரு வண்டி வந்தது. அடிவாரம் வரும்போது பெடல் தரை வரைக்கும் போயிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது, பேடு கண்ணாடி மாதிரி வழவழப்பு. பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறம். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துக் குமிழி வந்துவிடும், பெடல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கு. இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

செந்தில் சித்தப்பா: நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே மாமா

மணி மாமா: ஆகாது. கியரில் காலை எடுத்து இறங்கினால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கும். இதை நான்கு வருடமாகச் சொல்கிறேன் செந்தில்.

சித்ரா: 😀

அருண்: மாமா, நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணி வண்டியில், அமெரிக்காவில் இன்டியானாபொலிஸ் ஃபார்முலா 1 ரேஸில் நான்காவது வந்தாரே! 3 லிட்டர் வி10. கோயம்புத்தூர்க்காரர் எஃப்1-இல் 5 புள்ளி எடுத்தார். எனக்கு அந்த வெறி போகவே போகாது.

செந்தில் சித்தப்பா: அன்று ஓடியது 6 வண்டிதானே

மணி மாமா: ஏன் 6? மிச்சலின் டயர் அந்த டிராக்கின் சாய்ந்த வளைவைத் தாங்காது என்று 14 வண்டிகள், ரேஸுக்கு முன் சுற்றும் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் ஷெட்டுக்குத் திரும்பிவிட்டன. அத்தனையும் உலகத்தில் சிறந்த இன்ஜின்கள். நரேன் முழு தூரமும் ஓட்டி எடுத்த புள்ளி அது, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அன்றைக்குத் தீர்ப்பு சொன்னது டயர். உன் டயர் எந்த வருடம்?

அருண்: கோடு ஆழமாகத்தான் இருக்கிறது மாமா

மணி மாமா: நான் கேட்டது வருடம். பக்கவாட்டில் DOT என்று ஆங்கிலத்தில் இருக்கும், அந்த வரிசை முடிவில் நான்கு எண். டார்ச் எடுத்துப் போய்ப் பார்.

கலா அத்தை: அம்மா கேட்கிறார்கள், ஏற்காட்டுக்கு இன்னொரு ரோடான குப்பனூர் வழியாகப் போனால் வாந்தி வராதா?

சித்ரா: அதிலும் வளைவு உண்டு அத்தை. அப்பாயிக்கு முன் சீட்டும் எலுமிச்சையும் போதும்.

அருண்: 3218

மணி மாமா: 2018-இல் 32-ஆவது வாரம். ரப்பர் இறுகியிருக்கும். விரல் நகத்தால் அழுத்திப் பார், பதிகிறதா?

அருண்: இல்லை மாமா. கோட்டுக்குள்ளே முடி மாதிரி வெடிப்பும் தெரிகிறது. நான் கவனிக்கவே இல்லை.

மணி மாமா: 22 எச்.பி. கூட்டின காசுக்கு முதலில் இதை மாற்றியிருக்கலாம். பரவாயில்லை. நாளை 8.30-க்கு ஷெட்டுக்கு வா. டயர் பார்ப்போம், பிரேக் ஆயிலும் மாற்றிவிடலாம்.

அருண்: வருகிறேன் மாமா. நான்குமேவா?

மணி மாமா: நேரில் பேசுவோம்.

கலா அத்தை: அப்படியானால் அம்மா யார் வண்டியில்?

செந்தில் சித்தப்பா: வேன் சொல்லிவிடலாமா?

கலா அத்தை: வேனா? அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

சித்ரா: காது குத்த ஆசாரியிடம் யாராவது சொன்னீர்களா?