மறு: இரண்டு நாள் பயிலரங்கு – அந்தக் காசுக்குக் கூத்துப் போடுவோம்

செயலாளர் அண்ணனுக்கும் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சங்கத்தின் காசில், நம்ம ஊரில் போரில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களை மண்டபத்தில் கூட்டி, வெளியிலிருந்து ஆள் வந்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்தி, ஒவ்வொருவரும் நடந்ததைச் சொல்லச் சொல்லிக் காணொளியாக எடுத்து வைப்பது என்ற திட்டத்தைப் படித்தேன். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை; அந்தக் காசில் ஊரில் கூத்துப் போடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரம் முழுக்க உளவளத்துணை, அதாவது மனநல ஆலோசனை என்று வந்து இறங்கியவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பதை உலக சுகாதார அமைப்பே பரிந்துரைப்பதில்லை, சிலருக்கு அது கெடுதலாகவும் முடியும். காணாமல் போன மகனைப் பற்றிக் கமராவுக்கு முன்னால் பேசிவிட்டு வீடு திரும்பும் தாயோடு அன்றிரவு யார் இருப்பார்கள்? அந்தக் காணொளி யார் கைக்குப் போகும் என்பது இன்னொரு கவலை. நாம் டொரொன்டோவிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டு தைரியமாகப் பேசலாம், அவர்கள் அங்கேயே வாழ வேண்டும்.

மட்டக்களப்பிலேயே வேறு மாதிரிச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். உனக்கு என்ன நடந்தது என்று குடைந்து கேட்காமல் பிள்ளையின் போக்கில் விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போரால் மனம் சிதைந்தவர்களைப் பற்றியே 'அன்னை இட்ட தீ' நாடகத்தை எழுதினார்.

ஆனால் நம்மிடம் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடுகிறோம். குற்றமில்லாதவனை அரசன் கொன்றுவிட்டான், மனைவி சபைக்கே போய் நீதி கேட்கிறாள், அவளுடைய கோபம் தணியக் கடைசியில் குளிர்த்திப் பாட்டுப் பாடுகிறோம். நம்ம ஊர்ப் பெண்களுக்கு அது வெறும் பழங்கதையா என்ன? கூத்தும் அப்படித்தான். பாரதக் கதையான 'பதின்மூன்றாம் போர்' கூத்தில் அபிமன்யு விழுந்து தாய் சுபத்திரை புலம்பும்போது, கூத்தாடும் களரியைச் சுற்றி எத்தனை பேர் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள் தெரியுமா? யாருக்காக அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அபிமன்யுவுக்காக என்றே இருக்கட்டும். பெயர் சொல்லாமல், சாட்சி சொல்லாமல், ஊரோடு சேர்ந்து அழ இதைவிட நல்ல மறைப்பு எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு இரவைவிடப் பெரியது அதற்கு முந்தைய மாதங்கள். சட்டம் கொடுத்த, அதாவது யார் எந்தப் பாத்திரம் என்று பாட்டைப் பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் இரவிரவாகப் பழக்கம் நடக்கும். தாளக்கட்டு தப்பினால் ஏச்சு விழும், மறுகா தேநீர் வரும். தனியே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பொடியனுக்குக்கூடப் பொழுது சாய்ந்தால் போக ஓர் இடம் இருக்கும். இரண்டு நாள் பயிலரங்கில் இது எப்படி வரும்?

பழைய கூத்தை அப்படியே தூக்கி வைக்கவும் வேண்டாம். பெண்ணை இழிவாகக் காட்டும் பகுதிகளையும், ஆண்கள் மட்டுமே ஆடலாம் என்பதையும் மாற்ற முடியும். மட்டக்களப்பு சீலாமுனையில் நாடகக்காரர் சி. ஜெயசங்கரும் ஊராரும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்று செய்தது இதைத்தான். நம்ம ஊர்ப் பெரியவர்கள் முதலில் முறுக்குவார்கள், அது அவர்கள் பாடு.

கூத்து மருந்தல்ல. உறக்கமே இல்லாமல் தவிப்பவர்களைப் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும், போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். காணாமல் போனவர்கள் எங்கே என்ற கேள்விக்கும் கூத்து பதில் சொல்லாது, அந்தப் போராட்டம் தனி.

சரி, செய்ய வேண்டியது: மத்தளத்துக்கும் உடுப்புக்கும் அண்ணாவியாருக்கும் பணம் அனுப்புவோம். எந்தக் கூத்து, யார் ஆடுவது என்பதை ஊரே முடிவு செய்யட்டும், நாம் மூக்கை நுழைக்கக் கூடாது. சங்கத்தின் பெயரைப் போட்டுப் பதாகை கட்ட வேண்டாம். லண்டன் அக்காமார் யாராவது கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரோடு பேசிப் பார்ப்பீர்களா? அவர் என்னோடு இன்னும் கோபத்தில் இருக்கிறார்.